ஜாளிச் சுவர்

"இந்த வாசல் எதுக்குட்டி?"

பிரம்மநாயகம் சாப்பிட்ட கையோடு வரைபடத்தின் மேல் விரலை வைத்தார். ரசம் தாளில் ஊறியது. கீதா அதைத் துடைக்கவில்லை.

பகலில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை, மாலையில் மாட்டுங்காவில் வகுப்பு என்று ஓடுகிறவள் அவள். தாராவியின் பழைய பகுதியில், தங்கள் தெருவுக்கும் பின்சந்துக்கும் நடுவே ஒரு டிரஸ்ட் கட்டித் தரும் பொது மைதானத்தை வரையும் வேலை ஆபீசில் அவளுக்கே வந்தது. தப்பாகிவிடுமோ என்று பயந்து, அளந்த இடத்தையே திரும்பத் திரும்ப அளந்தாள்.

"பின்சந்துக்காரங்க வாரதுக்குப்பா."

"அவனுவளுக்குத் தனி வாசலா? மெயின் ரோடு சுத்தி வரட்டும்."

"அவ்வளவு தூரம் சுத்தி யாரு வருவா?"

"வராட்டி நல்லதுதான்."

மீனாட்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கையக் கழுவிட்டுச் சண்ட போடுங்களேன் அப்பனும் மவளும்."

பிரம்மநாயகம் அசையவில்லை. தெருச் சங்கத்தின் செயலாளர் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் டிரஸ்ட்காரர்கள் ஒரு செங்கல்கூட இறக்க மாட்டார்கள்.

"அம்மன் கொடைக்கு வரி குடுக்கது நம்ம தெரு. வரி குடுக்காதவனுக்கு வாசல் ஒரு கேடா?"

"போன கொடைக்குப் பின்சந்து சுஜாவோட அப்பா வரியோட வந்து நின்னாவல்லா? நீங்கதான வாங்க மாட்டோம்னு திருப்பி அனுப்புனிய?"

"வாங்கிட்டா? நாளைக்கு எங்களுக்கும் மாலை போடுன்னு வந்து நிப்பான்."

அவர் வரையில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. "வாசல் இருந்தா கையெழுத்து கெடையாது. குப்ப கெடந்த எடம் குப்பையாவே கெடக்கட்டும்."

மைதானத்தில் பாதி, பின்சந்துப் பெண்கள் பாத்திரம் கழுவித் துணி காயப்போட்ட இடம். "உங்க பக்கமும் வாசல் வச்சிருக்கேன்" என்று கீதா சொன்னதை நம்பித்தான் சுஜா வீட்டாரும் மற்றவர்களும் அதை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

வாசல் இருந்த இடத்தில் கீதா ஜாளிச் சுவர் வரைந்தாள். துளைத் துளையாகச் செங்கல் அடுக்கிய சுவர். முழுச்சுவருக்கு இது மேல் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்பா பார்த்தார்.

"காத்து வரும். ஆள் வராது. சரி."

சுவர் எழும்பியபோது, பை தைக்கும் கம்பெனியிலிருந்து திரும்பிய சுஜா நின்று பார்த்தாள்.

"சூப்பரா இருக்குட்டி. எங்க கண்ணு மட்டும் உள்ள போயி வெளாண்டுட்டு வரட்டும், என்னா?"

கீதா டேப்பை விரித்து, அளந்த துளையையே மறுபடியும் அளந்தாள்.

திறப்பு விழாவன்று பந்தல், ஷெனாய் கேசட், கேரம் போர்டுகள். முகப்பில் 'அனைவருக்கும்' என்று தமிழிலும் மராத்தியிலும் பெரிய எழுத்து. டிரஸ்டிலிருந்து வந்த அம்மாள் ஜாளியைத் தடவிப் பார்த்தாள்.

"அரே வா! கித்னா ஓப்பன் லக்தா ஹை!" எவ்வளவு திறந்தாற்போல் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வியந்தாள். பிரம்மநாயகம் கைகூப்பினார். துளைகளுக்கு அந்தப் பக்கம் பின்சந்துப் பிள்ளைகளின் கண்கள் தெரிந்தன. அவற்றையும் அந்த அம்மாள் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

முன்வரிசை நாற்காலியிலிருந்து கீதா எழுந்தாள். முன்வாசலைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஆட்டோக்களுக்கு நடுவே நடந்து, தோல் பைக் கடைகளைச் சுற்றி, சாக்கடைப் பலகைகளைக் கடந்து பின்சந்துக்கு வந்து சேர்ந்தபோது சேலை ஓரம் நனைந்திருந்தது. சுஜா சுவரோரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

உள்ளே மைக் முழங்கியது. "இத வரைஞ்சது வேற யாருமில்ல, எம்மவதான்! கீதா, மேடைக்கு வாம்மா. மேடம் மாலை போடப் போறாங்க."

கூட்டம் திரும்பித் திரும்பித் தேடியது. ஜாளித் துளை வழியாகக் குரல் வந்தது.

"இந்தப் பக்கம் வாசல் இல்லப்பா."

மாலையோடு நின்ற அம்மாள், என்ன சொல்கிறாள் என்று இந்தியில் கேட்டாள். பிரம்மநாயகம் மொழிபெயர்க்கவில்லை.