கீழே யார்?

தையல்நாயகி வீட்டுக் கழிப்பறைக்கு நிலத்தடி நீர் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வந்து போய்க்கொண்டிருந்தது. கோப்பையின் விளிம்புவரை ஏறி நிற்கும். சுற்றுமுற்றும் பார்க்கும். அரைமணி நேரத்தில் இறங்கிவிடும். கொள்ளிடக்கரை ஊரில் தண்ணீர் மேலேதான் இருக்கும் என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கர்ப்பிணி மகள் பொன்மலருக்கு ஏழாம் மாதம் தொடங்கியபோதுதான் விஷயம் முற்றியது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சம்பந்தியம்மாள் போன் செய்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தண்ணி எறங்காத வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படி அனுப்புறது? சரி பண்ணிட்டுச் சொல்லுங்க. இல்லன்னா இங்கயே பாத்துக்குறோம்."

தையல்நாயகிக்குச் சுருக்கென்றது. கணவர் போன பிறகு அவளுக்கு இருப்பது அந்த ஒரு பெண்தான். பிரசவத்துக்குக்கூட வராவிட்டால் அப்புறம் இதற்குத் தாய்வீடு என்று பெயர் எதற்கு?

கழிவுக்குழிக்குச் சிமெண்டு உறை இறக்குகிற அந்தோணிராஜைக் கூப்பிட்டாள். அவர் கொல்லையில் மண்வெட்டியை நான்கு முறை போட்டார். இரண்டடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

"உறை எறக்க வழியில்ல, எழுத்தரம்மா," என்றார். தையல்நாயகி முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவள். ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். "மணலைக் கொட்டி மேடு கட்டணும். மேட்டுக்குள்ள ஓட்டை போட்ட குழாயப் படுக்க வச்சா, கழிவுத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமா மணல்ல எறங்கும். நாலடி மணலத் தாண்டிட்டா ஒரு வாடையும் இருக்காது."

"கட்டுங்க."

"கட்டிரலாம். தண்ணி ரெண்டடியிலயே நிக்கணுமே. மேல வந்துட்டா நாலடி எப்படிக் கிடைக்கும்? அது எங்க நிக்கும்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

நியாயமாகப் பட்டது. மறுநாள் காலை நிலத்தடி நீர் அலுவலகத்துக்குப் போனாள். அவள் பத்திரம் எழுதும் மேசைக்கு நேர் பின்னால் அந்த அலுவலகம் இருந்தது. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. உள்ளே நடைவழி நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. பாதி வழியில் ஒருவர் டீ விற்றார். குடித்துவிட்டு மேலும் நடந்தாள்.

கடைசியில் ஒரு குமாஸ்தா இருந்தார். முழங்கால்வரை தண்ணீரில் நின்றபடி அவள் வீட்டுப் பத்திரத்தைப் படித்தார்.

"இத எழுதினது யாரு?"

"நான்தான்."

"வடக்கே வீரப்பன் மனை. தெற்கே தெரு. கிழக்கே வாய்க்கால். மேற்கே செல்லையன் கொல்லை. கீழே யாரு?"

"கீழ யாரையும் எழுதுற வழக்கம் இல்லீங்க."

"அதான் தண்ணி வந்து வந்து பாத்துட்டுப் போவுது. தன் எல்லை எதுன்னு அதுக்கு யாரும் சொல்லல. முத்திரைத்தாள்ல எழுதி அதுகிட்டயே ஒப்பம் வாங்கிக்குங்க."

தையல்நாயகிக்கு முகம் சிறுத்துவிட்டது. ஒரு கால்புள்ளி தவறினால்கூடச் சோறு இறங்காதவள் அவள். ஆயிரக்கணக்கான மனைகளுக்கு நான்கு எல்லை எழுதியிருக்கிறாள். எதற்கும் அடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. வெட்கம் அடங்கியதும் வேறொன்று அரிக்கத் தொடங்கியது. கீழே என்னதான் இருக்கும்? திரும்பி வரும்போது நடைவழி சிறியதாக இருந்தது. அதையும் அவள் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முத்திரைத்தாளோடு கழிப்பறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பத்தரைக்குத் தண்ணீர் ஏறி வந்தது.

"வாங்க," என்றாள்.

"யாரும் கூப்பிட்டதில்ல," என்றது தண்ணீர்.

"கீழ எப்படி இருக்கும்?"

"ஈரமா இருக்கும்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு எல்லையைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"ரெண்டடிக்குக் கீழ இருந்துக்குறேன், எழுதிக்க. ஐப்பசி மட்டும் நீங்கலா. ஐப்பசியில பின்னாலேர்ந்து தள்ளுவாங்க. அது என் கையில இல்ல."

தையல்நாயகியின் பேனா நின்றது. "என் பொண்ணுக்கு ஐப்பசியிலதான் தேதி."

தண்ணீர் யோசித்தது. ஒரு குமிழி வந்து உடைந்தது.

"அப்ப அந்த ஒரு மாசம் யாராச்சும் கீழ நின்னு என்னப் பிடிச்சுக்கணும்."

"யாரு?"

"கையெழுத்துப் போடுறவங்கதான்."

முப்பது வருஷமாக மற்றவர்களுக்கு அவள் சொல்லிவந்தது ஒன்றுதான்: படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அன்று அவள் படிக்கவில்லை, போட்டுவிட்டாள். அவள் எழுதியதுதானே. தண்ணீர் முத்திரைத்தாளின் கீழ் ஓரத்தை நனைத்தது. அது செல்லும் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார்.

பத்து நாளில் கொல்லையில் இடுப்பளவு மேடு எழுந்தது. தண்ணீர் சொன்ன சொல் தவறாமல் இரண்டடிக்குக் கீழேயே இருந்தது. வளைகாப்பு முடிந்து பொன்மலர் வந்தாள். கூடவே சம்பந்தியம்மாளும் வந்தாள். வந்தவள் காப்பிகூடக் குடிக்காமல் கழிப்பறைக்குப் போய் ஏழு வாளி தண்ணீர் ஊற்றினாள்.

"எறங்குது," என்று ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசி முதல் தேதி காலை, தையல்நாயகி மேட்டின் மேல் ஏறினாள். நீர்மட்டம் பார்ப்பதற்காக அந்தோணிராஜ் அங்கே நாலு அங்குலக் குழாய் ஒன்றை நட்டிருந்தார்.

"எங்கம்மா போற?" என்றாள் பொன்மலர்.

"கீழ ஒரு வேலை இருக்கு. கார்த்திகை ஒண்ணாந்தேதி வந்துருவேன்."

"கொழந்த பொறக்குறப்ப?"

"கீழதான் இருப்பேன்."

"கூப்பிட்டா கேக்குமா?"

"ரெண்டடிதானடி."

பொன்மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மாள், தான் இருந்து பிரசவம் பார்ப்பதாகச் சொன்னாள். யார் வீட்டில் யார் பார்ப்பது என்று தையல்நாயகிக்கு வயிறு எரிந்தது. ஆனால் பத்திரம் பத்திரம்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியபோது அந்த நாலு அங்குலக் குழாய் அவளுக்குச் சரியாக இருந்தது.

கீழே ஈரமாகத்தான் இருந்தது. எழுதுவதற்குப் போதுமான வெளிச்சமும் இருந்தது. அவள் ஆசை தீரப் பார்த்தாள். வீடுகளின் அடிப்பக்கம் தெரிந்தது. வீரப்பன் மனைக்கும் அவள் மனைக்கும் நடுவில் கோடு எதுவும் இல்லை. தெருவும் இல்லை. முப்பது வருஷம் எழுதிய எல்லைகளில் ஒன்றுகூட இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. அது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

மழை பிடித்ததும் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். அவள் தண்ணீரின் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது கனமாக இருந்தது. பதினெட்டாம் நாள் மேலே நிறையப் பேர் ஓடினார்கள். "அம்மா" என்று பொன்மலர் கூப்பிட்டது நன்றாகக் கேட்டது. தையல்நாயகி பதில் சொன்னாள். மேலே கேட்டதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புதிதாக ஒரு அழுகை கேட்டது. அவளும் அழுதாள். பிடியை விடவில்லை.

சில நாள் கழித்து மணலிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரும் மேட்டுக்குள் படுத்திருந்த ஓட்டைக் குழாய் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு கையை மெல்ல எடுத்து முகர்ந்து பார்த்தாள். பயத்தமாவும் வசம்பும் மணத்தன.

நாலடி மணல் தாண்டி வாடை வரக்கூடாது. மேட்டில் எங்கேயோ குறை இருக்கிறது. அந்தோணிராஜைக் கூப்பிட்டுச் சொன்னால் ஒரே நாளில் அடைத்துவிடுவார்.

"வாடை வருதா?" என்று தண்ணீர் கேட்டது.

"இல்ல," என்று சொல்லிவிட்டு, தையல்நாயகி அடுத்த சொட்டுக்குக் கையை நீட்டினாள்.