வைக்கோல் கட்டில் பூத்த காளான்

அன்று அலுவலக அறையில் நால்வர் இருந்தோம். சாயப்பட்டறை முதலாளி நாச்சிமுத்து சுழல் நாற்காலியில். எங்கள் கழிவுநீர்த் தொட்டியில் காளான் வளர்த்துப் பார்க்கக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தில்லைநாயகி அவருக்கு எதிரே. ஆற்றோரம் விவசாயம் பார்க்கும் மயிலாத்தாள், நாற்காலி காலியாக இருந்தும், கதவோரம் கிடந்த பனியன் துணிக் கட்டின் மேல். மேனேஜரான நான் ஜன்னலோரம், கோப்புகளோடு.

சிப்பிக் காளான் படர்ந்த வைக்கோல் கட்டுகளுக்குள் விட்டால், கருநீலச் சாயத் தண்ணீர் வெளுத்து வந்தது. ஆனால் வேலை முடிந்த வைக்கோல் மலையாகக் குவிந்துவிட்டது. அதற்கு வழி காட்டாவிட்டால், ஏற்கெனவே ஒருமுறை பூட்டிய பட்டறையை மறுபடி பூட்டுவோம் என்றார்கள் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள். மாட்டுத் தீவனம் என்பது என் யோசனை. தில்லைநாயகியைக் கேட்காமலே முன்தினம் ஒரு வண்டி வைக்கோலை மயிலாத்தாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். தீவனமாக வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று இன்று மயிலாத்தாளின் கையெழுத்து வேண்டும்.

"கையெழுத்துப் போடறதுல ஒண்ணுமில்லீங். ஆனா வைக்கோலுக்குள்ள நீலம் பாஞ்சு கெடக்குதே?" என்றார் மயிலாத்தாள்.

"சாயத்தைக் காளான் தின்னுருச்சுங்க ஆத்தா. நம்ம பிரியாணில போடற அதே காளான்தானுங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். "மேனேஜருக்குக் காளான்னா உசுருங்க ஆத்தா. கறிக்கடைப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டாரு."

"அப்படீங்களா?" மயிலாத்தாள் மடியிலிருந்து ஒரு காளானை எடுத்தார். "வர்ற வழியில உங்க வைக்கோல்ல பறிச்சதுங். டீக்கடைல அடுப்பு எரியுது. எண்ணெயில வதக்கி ஒரு வாய் தின்னு காட்டுங் தம்பி. கையோட போட்டர்றேன் கையெழுத்து."

"தின்னுருங்க மேனேஜரே, பட்டறைக்காக!" என்றார் முதலாளி.

வாங்கிக்கொண்டேன். கொழுத்த வெள்ளைக் காளான். காம்படியில் நீலம் கசிந்திருந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

"சாப்பிடாதீங்க சார்!" தில்லைநாயகி பதறினார். "சாயத்தை உடைச்சுதா, சும்மா உறிஞ்சு வச்சிருக்கான்னு இன்னும் பரிசோதிக்கவே இல்ல. உடைஞ்சிருந்தாலும் அந்த மிச்சம் விஷமா இருக்கலாம். வைக்கோல் எதுவும் வெளிய போகலைல்ல?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கோப்பைப் பார்த்தேன்.

"எனக்கு வந்துருச்சுங் அம்மிணி" என்றார் மயிலாத்தாள். "நேத்தே எருமைக்குப் போட்டுட்டனுங். சினை எருமை." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "உங்களுக்கு வாயில வெக்க மனசு வல்ல. எங்க எருமைக்கு மட்டும் ஆகுமாக்கு?"

எருமையைப் பார்க்கத் தில்லைநாயகி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நானும் எழுந்தேன்.

"நீங்க வேண்டாமுங்" என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் அவரோடு வெளியேறினார்.

முதலாளி இப்போது சிரிக்கவில்லை. "எருமைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. வைக்கோலுக்கு வேற எடம் பாப்போம்."

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். பழக்கத்தில் 'நிர்வாகம் அனுப்பியது' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'பரிசோதிக்காத வைக்கோலை நான் அனுப்பினேன்' என்று எழுதினேன். கால்நடை மருத்துவரை அனுப்பும்படியும், பரிசோதனை முடியும்வரை தொட்டியை நிறுத்தி வைக்கும்படியும் கேட்டு எழுதினேன்.

"யாருக்குங்க?" என்றார் முதலாளி.

"அதிகாரிகளுக்குங்க."

"மறுபடி பூட்டிருவாங்கய்யா! உங்க வேலையும் சேர்ந்து போகும்."

"தெரியுமுங்க."

உறையை ஒட்டி, தபால் நிலையம் வரை நடந்தே போனேன். கவுண்டரில் இருந்த பெண் எடை பார்த்து, முத்திரை குத்தி, அதைத் தபால் பைக்குள் போட்டார்.