மாடி வீட்டுப் புது ஃப்ரிட்ஜ்

எங்கள் வீட்டு மாடியை நாள் வாடகைக்கு விடுகிறோம். எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் சனி, ஞாயிறுகளில் தங்குவார்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அமாவாசையன்று காலையிலேயே வந்து, குளித்துச் சமைத்துச் சாப்பிட்டு, சாயங்காலம் ஸ்பெஷல் பஸ் ஏறுவார்கள். ஆள் பதிவது, சாவி கொடுப்பது, சுத்தம் செய்வது எல்லாம் என் பொறுப்பு. என் கணவர் பிலாலுக்குத் திண்டிவனத்தில் வேலை. கூடமாட இருப்பது என் மாமியார் ஹுசைன் பீ மட்டும்தான்.

மாடியில் இருந்த ஃப்ரிட்ஜ் பங்குனியிலிருந்தே சரியில்லை. அடியில் தண்ணீர் கசிந்தது, வைத்த பால் திரிந்தது. கம்ப்ரசர் போய்விட்டது, இதற்கு இனிச் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். தங்கிப்போன ஒருவர், அறை பரவாயில்லை, ஃப்ரிட்ஜைத் துணி அலமாரியாக வைத்துக்கொள்ளலாம் என்று நெட்டில் எழுதினார். இருந்தும் நாங்கள் மாற்றாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதன் கதவில் இருந்த பொட்டு.

அது கலைச்செல்வி வைத்தது. ஆரணிப் பக்கத்துப் பெண். போன வருஷம் ஆடி அமாவாசைக்குத் தன் கணவர் நெடுமாறனோடு வந்து தங்கினாள். அடுப்புப் பற்றவைக்கும் முன் மஞ்சள் குழைத்து, அடுப்புக்கும் மிக்சிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு வைத்தாள். வருகிறவர்கள் பலரும் அப்படி வைப்பதுதான். ஆனால் அவர்கள் நடுவில் வட்டமாக வைப்பார்கள். இவள் கைப்பிடிக்கு மேலே மூன்று விரலால் மஞ்சளைச் சாய்வாக இழுத்து, அதன் கீழ்முனையில் குங்குமம் வைத்தாள். அன்று ராத்திரி மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு நெடுமாறன் திரும்பியபோது, பக்கத்தில் நின்றவள் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தும், பஸ் ஸ்டாண்டுகளில் போட்டோ ஒட்டியும் இதுவரை ஒரு தகவலும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அவர் எங்கள் மாடிக்குத்தான் வருகிறார். இந்தப் பக்கத்தில் அவளுக்கு வழி தெரிந்த வீடு இது ஒன்றுதான் என்பார். ஃப்ரிட்ஜ் முன்னால் நாற்காலி போட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டத்தில் தேடப் புறப்படுவார். மற்றவர்கள் வைத்த பொட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். இதை மட்டும் விட்டுச் சுற்றித் துடைப்பேன்.

வைகாசி அமாவாசைக்கு முந்தின நாள் கடைக்காரர்கள் புது ஃப்ரிட்ஜை ஏற்றிவைத்து, பழையதை எக்ஸ்சேஞ்சில் இறக்கிக்கொண்டு போனார்கள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான், கதவை மட்டுமாவது கழற்றி வாங்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கடைக்குப் போன் செய்தேன். அது வழியிலேயே பழைய சாமான் ஏற்றும் செங்கல்பட்டு லாரிக்கு மாறிவிட்டது என்றார்கள்.

மாமி அன்று சாயங்காலம் சமையல் மஞ்சளைக் கிண்ணத்தில் குழைத்து எடுத்துக்கொண்டு மாடியேறினார். யாரோ விட்டுப்போன குங்குமப் பொட்டலம் மேலே இருந்தது.

"மாமி, நமக்கு எதுக்கு இது?" என்றேன்.

"நமக்கா வெக்கிறேன்? வெறுங்கதவப் பாத்தா அந்த ஆளு ஒடைஞ்சி பூடுவாரு."

கைப்பிடிக்கு மேலே மூன்று விரலால் சாய்வாக இழுத்தார். கீழ்முனையில் குங்குமம் வைத்தார். ஒருமுறைகூட யோசித்து நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக் கை இதற்குமுன் குங்குமம் தொட்டதில்லை.

நெடுமாறனை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். ஆனால் மறுநாள் அவர் முதல் பஸ்ஸிலேயே வந்து, மீட்டர் பெட்டிக்குள் வைக்கும் சாவியை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். நாங்கள் மேலே போனபோது நாற்காலி போட்டிருக்கவில்லை. பொட்டுக்கு நேரே உள்ளங்கையை வைத்து, தொடாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எப்பம்மா வந்தா?" என்றார் மாமியிடம்.

மாமி, பழைய ஃப்ரிட்ஜ் போனது, கதவு போனது, தானே மஞ்சள் குழைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். கையைக்கூட நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.

நெடுமாறன் பொறுமையாகக் கேட்டார். "நீங்க பொட்டு வெக்க மாட்டீங்களேம்மா. பத்து மாசமா வரேன், எனக்குத் தெரியாதா? அவ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருப்பா. கோவக்காரி."

"அல்லா மேல ஆணையா நான்தாம்பா வெச்சேன்."

"சரி, நீங்களே வெச்சீங்க. இத்தினி வருசம் வெக்காத கை இன்னிக்கி எதுக்கு வெச்சிது? இதே எடத்துல, இதே மாதிரி? யாரு வெக்கச் சொன்னது?"

மாமி இறங்கி வரும்போது படியில் நின்று, "அந்தப் பொண்ணு வெக்கிறத நான் ஒருவாட்டிதான் பாத்தேன், நிதா" என்றார். பத்து மாதமாக அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நினைவுபடுத்தினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

நெடுமாறன் அன்று மேல்மலையனூர் போகவில்லை. இனிமேல் அங்கே தேடத் தேவையில்லை என்றார். ஆரணியில் கடையை விட்டுவிடப்போவதாகவும், மாடியை மாச வாடகைக்குக் கேட்பதாகவும் சொல்லிவிட்டு, அவள் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினாள் என்று கண்டக்டர்களிடம் விசாரிக்கப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமி என்னிடம் ஈரத்துணியைக் கொடுத்தார். "போய்த் தொடச்சிட்டு வா. அந்தாளு வாழ்க்கையே போயிடும்."

மேலே போய்க் கதவுமுன் நின்றேன். மஞ்சள் காய்ந்து ஓரத்தில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. துணியைக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் எனக்கு உறைத்தது. துடைத்தால் அவள் வந்து துடைத்துவிட்டுப் போனதாக ஆகும். விட்டால் அவள் வைத்ததாகவே இருக்கும். அந்தக் கதவில் இனி நாங்கள் என்ன செய்தாலும் அது அவள் செய்ததுதான். புது மோட்டார் ஓடுவதே காதில் விழவில்லை. பழையது இருந்தவரை அந்த அறையில் இவ்வளவு நிசப்தம் இருந்ததில்லை.

இங்கும் அங்கும் நடந்தேன். என் காலடி கீழே கேட்டிருக்க வேண்டும்.

"செல்வி," என்று படியடியிலிருந்து நெடுமாறன் குரல் வந்தது. பாதி வழியில் திரும்பியிருக்கிறார்.

துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "நான்தாண்ணே. நிதா."

அவர் ஏறி வரவில்லை. அங்கிருந்தே, வீட்டு மனுஷியிடம் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"அவ எங்கம்மா போயிருக்கா?"