நாளுக்கு ஒரு லிட்டர்

என் இடது கையில் நாடி கிடையாது. மருத்துவ மாணவர்கள் வரிசையாக வந்து தேடிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போவார்கள். பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்து வழி குறுகிப்போகும் நோய். அந்தக் குறுகலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயமும் களைத்துவிட்டது. எனக்கும் அதற்கும் ஒரே வயது, இருபத்திரண்டு. அது மட்டும் ஓய்வு கேட்கிறது.

நாளுக்கு ஒரு லிட்டர்தான் என்றார் செவ்தா டாக்டர். தண்ணீர், சூப், தயிர், தர்பூசணி எல்லாம் அதற்குள் அடக்கம். அழுகை எதில் சேரும் என்று கேட்டேன். அது வெளியே போவதுதானே, தாராளமாக அழு என்றார்.

துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரத்து ஆற்றங்கரைத் தேநீர்க்கடையில் தினமும் மாலை ஐந்து மணிக்குக் கூடும் மூன்று பேர் கோர்கெம், நெவ்ரா, நான். கிளாஸ் காலியானால் கடைக்காரர் கேட்காமலே அடுத்ததை வைப்பார். போதுமென்றால் கரண்டியை கிளாஸின் மேல் குறுக்கே வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் ஒரே கிளாஸோடு கரண்டியை வைத்தேன். என் எதிரே குடிக்க மனமில்லாமல் கோர்கெமும் வைத்தான். நெவ்ராவும் வைத்தாள். மூன்று கரண்டிகளைப் பார்த்த கடைக்காரர் மேசையைத் துடைத்துவிட்டார். பதினோரு நிமிடத்தில் வெளியே நின்றோம். மறுநாள் ஒன்பது நிமிடம். அதன்பின் பரீட்சை இருக்கிறது என்றார்கள். ஒரு மாலை ஆற்றுப் பாலத்திலிருந்து பார்த்தேன். அடுத்த கடையில் நான்காவது கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோபிக்க முடியவில்லை. என்மேல் இருந்த இரக்கத்தால்தான் எனக்குத் தெரியாமல் குடித்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து மாத்திரைக்குத் தவிர ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஒன்பது மாத்திரைகளை அரை வாய் தண்ணீரில் விழுங்கினேன். விடுதி சூப்பைப் பக்கத்து மேசைக்காரனுக்குத் தள்ளினேன். ஐந்து மணிக்கு அந்த அடுத்த கடைக்கே போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"டாக்டர் இனிமே எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்னுட்டாங்கடா."

"நெசமாவா?" என்றான் கோர்கெம்.

"வேணும்னா போன் போட்டுக் கேளு."

அவன் கேட்கவில்லை. நெவ்ரா மட்டும் என் உதட்டைப் பார்த்தாள். "ஏய் ஓகான், உதடெல்லாம் வெடிச்சிருக்கே?"

"குளிர்காத்து."

"ஜூன் மாசத்துலயா?"

"எனக்கு எல்லாமே லேட்டாதான் வரும்."

ஆறு கிளாஸ். இரண்டு மணி நேரம். புள்ளியியல் பேராசிரியர் விக்கை முன்பின்னாக மாற்றி வைத்துக்கொண்டு வந்ததை மூன்று முறை நடித்துக் காட்டினோம். அன்றிலிருந்து தினமும் இதே ஏற்பாடுதான். பகல் முழுக்க காய்ந்து கிடப்பேன். மாலையில் மனிதனாவேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார்கள். முழு லிட்டரும் எனக்கே எனக்கு. ஜாடியில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தேன்.

தாகமே எடுக்கவில்லை.