வீட்டு முதுகு

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் முதுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் வாயில் நுழையாத யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு முப்பது முதுகு பார்ப்பாள். கனம் தூக்கிப் பிடித்துக்கொண்டது, உட்கார்ந்தே பழுதானது, டிஸ்க் பிதுங்கிக் கால்வரை வலி இறங்கியது என்று ஆள் நடந்து வரும்போதே பாதி கணித்துவிடுவாள். ஆனாலும் பன்னிரண்டு கேள்வி உள்ள படிவத்தை நிரப்பாமல் யார் மேலும் கை வைக்க மாட்டாள்.

கூட வேலை பார்ப்பவள் அலுத்துக்கொண்டால் ஒரு பிடி பிடிப்பாள். "முக்கால்வாசிப் பேருக்குச் சாதாரண வலிதான், தானா சரியாயிடும். எங்கேயோ ஒருத்தருக்கு உள்ள வேற ஏதாவது இருக்கும். அந்த ஒருத்தருக்காகத்தான் எல்லாரையும் கேக்கறோம். புரியுதா?"

இவ்வளவு பேசுகிறவள் வீட்டில் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர், இருபத்திரண்டு வருஷமாக. ஒரு நாள் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "முதுகு ஒரு மாதிரி இருக்கும்மா" என்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எட்டு மணி நேரம் அந்த ஓட்டை சீட்டுல உக்காந்தா வேற எப்படி இருக்கும்? பின்பாக்கெட்டுல பர்ஸை வச்சுக்கிட்டு உக்காராதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

அவ்வளவுதான் வைத்தியம். இடுப்புக்கு ஒரு பெல்ட், வெந்நீர் ஒத்தடம், மூன்று உடற்பயிற்சி. இப்படியே நாலு மாதம் ஓடியது. ராத்திரியில் அவர் கூடத்து நாற்காலியிலேயே தூங்கினார். டி.வி. பைத்தியம் முற்றிவிட்டது என்று கேலி செய்தாள். உடம்பு இளைத்தது. "தொப்பையெல்லாம் போய் மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க, என் பயிற்சியோட மகிமை" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்தாள். அவரும் சிரித்தார்.

அவளுக்கு வார விடுமுறையான ஒரு நாள், டிப்போவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் காலை அவள் வேலைக்குப் போய்ப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, கூட வேலை பார்ப்பவள் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"அக்கா, நேத்து சார் இங்க வந்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. உடனே ஸ்கேன் எடுங்கன்னேன், நாளைக்குப் பாக்கலாம்னு போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல."

படித்தாள். படுத்தால் வலி குறைகிறதா? இல்லை, படுத்தால்தான் அதிகம், உட்கார்ந்து தூங்குகிறார். எடை குறைந்ததா? ஒன்பது கிலோ. கால் மரத்துப்போகிறதா? பிரேக்கில் கால் இருப்பதே தெரியவில்லை, அதனால் மூன்று நாளாக லீவு. சிறுநீர் கழிப்பதில் சிரமம்? ஆமாம்.

லீவு போட்டது கூட அவளுக்குத் தெரியாது. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்திருந்தாரோ, பாவி மனுஷன்.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் கிளம்பிய புற்றுக்கட்டி முதுகெலும்புவரை பரவி நரம்பை நெரித்திருந்தது. அறுவைசிகிச்சை செய்தும் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நடக்கவாவது வச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நாள் பூரா முப்பது முதுகு பாத்துட்டு வர்றே. வீட்டுக்கு வந்தும் முதுகான்னு தோணுச்சு. அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா கேட்டுது, நானும் சொன்னேன்." கொஞ்சம் யோசித்தார். "நீ கேட்டிருந்தா உன்கிட்டயும் சொல்லியிருப்பேன்" என்றார். குத்திக்காட்டத் தெரியாத மனுஷன். உள்ளதைச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். தினமும் காலை பத்து மணிக்கு அவர் கால்களை மடக்கி நீட்டினாள். முட்டி இறுகிப்போகாமல் இருக்க அது ஒன்றுதான் செய்ய முடியும். எல்லாருக்கும் செய்கிற அதே பயிற்சி, ஒரு மணி நேரம். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழும். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் நாள் கேட்டார், "எத்தனை வாரம் இதைச் செய்யணும்?"

வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பழகிய வாய். "ஆறு வாரம்" என்றாள். பொய் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஆறு வாரமா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஆறு வாரமும் தினம் இப்படிப் பக்கத்துல உக்காருவேல்ல?"

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காலை எடுத்து மடக்கினாள்.

அவர் நாலு வாரமும் மூன்று நாளும் இருந்தார். ஒரு நாள்கூட அவள் பத்து மணியைத் தவறவிடவில்லை.