தீயணைப்பானுக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பூவாறு படகுத்துறையில், பூஜை லீவு முடிந்த மறுநாள். வரிசையில் நின்றிருந்தேன். படகு கிளம்பவில்லை. எல்லோரும் சலித்துக்கொண்டார்கள், நானும்தான். ஏன் என்று எட்டிப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன்.

2

முதல் வரி: ‘கழிமுகத்தில் காலைப் பனி மெல்ல விலக…’

(அடித்துவிட்டேன். பனியாவது ஒன்றாவது. சுள்ளென்று வெயில்.)

படகு டிரைவர் பிரேமா சிவப்புச் சிலிண்டரைக் கையில் எடுத்தாள். படகில் தீப்பிடித்தால் அணைக்க இருப்பது அது ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், மாலை எல்லாம் நடந்திருந்தது. பூஜை போட்டவர், வட்டமாக முகம் மாதிரி இருக்கிறதே என்று மீட்டர் கண்ணாடி மேலேயே குங்குமத்தை அப்பிவிட்டார். முள் பச்சையில் நிற்கிறதா, சிவப்பில் நிற்கிறதா, தெரியவில்லை.*

*தன் பைக்கின் ஸ்பீடோமீட்டரில் பொட்டு வைக்காதவர்கள் மட்டும் சிரிக்கலாம்.

3

பிரேமா கைக்குட்டையை எடுத்தாள். முதலாளி தாணுமாலையன் ஓடிவந்தார்.

“பிள்ளே, பூஜை வெச்ச சாதனம். பொட்டை அழிச்சா ஐசுவரியக் கேடாக்கும். போட்டை எடு.”

“முள்ளைப் பாக்காம எடுக்க மாட்டேன் அண்ணாச்சி.”

“கழிஞ்ச வருஷமும் இப்படித்தானே ஓடிச்சு. தீப்பிடிக்கல்லியே?”

“பிடிக்கல்ல. அதுக்கு?”

துடைத்தாள். முள் சிவப்பில் கிடந்தது; உள்ளே அழுத்தம் இல்லை, அமுக்கினாலும் பீய்ச்சாது.

“வேற சிலிண்டர் வரட்டும்” என்றாள்.

“சாவியைத் தா. வேற ஆளு ஓட்டும். நீ நாளைக்கு வரண்டாம்.”

“சின்னப் பிள்ளைகள் ஏற நிக்குது. தரமாட்டேன்.”

4

முடிவு ஒன்று: வேறு ஆள் படகை எடுக்கிறான். நடு ஆற்றில் என்ஜின் புகைகிறது. எல்லோரும் பிரேமாவை நினைத்து…

எழுத மாட்டேன். பத்திரிகையில் இருக்கும் நண்பர் வெங்கிடேஷ், தீப்பிடிக்காத இந்தக் கதையைப் படித்துவிட்டு, “போட்டு தீப்பிடிச்சு எரிஞ்சாத்தான் சார் அவ சொன்னது சரின்னு நிக்கும்” என்றார். எரியாவிட்டாலும் அவள் சொன்னது சரி. ஒரு பெண் சொன்னதை நம்ப உங்களுக்கு ஒரு படகு எரிந்தாக வேண்டுமென்றால் நீங்களே கொளுத்திக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வருகிறது.

முடிவு இரண்டு: முதலாளி மனம் மாறி… மாறவில்லை. மாற்றவும் மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். தாணுமாலையன் எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க. போட்டை எடுக்கவா, வேண்டாமா?”

பிரேமா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அவளுடைய வேலை எங்கள் வாயில் இருந்தது.

நான் வேண்டாம் என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பது நீங்கள்.