சாக்கு எட்டாத இடம்

பேச்சிராஜ் இரண்டாவது சாக்கையும் உதறிப் புறவாசல் தரையில் விரித்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவைக் குளிப்பாட்ட இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் பட்டால் இந்தத் தரையில் கால் நிற்காது. அவனுக்குத் தெரியாதா, போட்டவனே அவன்தானே.

நான்கு நாளைக்கு முன்னால் காலையில் முகம் கழுவ வந்த அப்பா குற்றாலலிங்கம் இங்கேதான் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே இன்று விடிகாலையில் போய்விட்டார். முப்பது வருஷம் பாளையங்கோட்டையில் கிளார்க்காக இருந்தவர், ஒரு நாள் கூட அலுவலகத்துக்குப் பிந்திப் போனதில்லை.

மைக்ரோசிமெண்ட் தரை போடுவது பேச்சிராஜின் தொழில். கல்யாண மண்டபம், ஓட்டல் அடுக்களை என்று ஜனம் ஓயாமல் மிதிக்கிற இடமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடியிழை வலையைப் பதித்து, மேலே கலவையை மெல்லிசாக இழுத்து, காயவிட்டுத் தேய்த்து, கடைசியில் அடிக்கிற பூச்சில் வழுக்காமலிருக்க ஒரு பொடியைக் கலப்பான். பொடி கலக்காமல் ஒரு மண்டபத்தையும் அவன் ஒப்படைத்ததில்லை. ஊரார் கால்மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

உள்ளே அம்மா கோமுவின் குரல் கேட்டது. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாந்தாம்ட்டி கேட்டேன். முகம் தெரியணும், அப்படிப் பளபளன்னு போடுலேன்னு எம்புள்ளகிட்ட நாந்தான் கேட்டேன். என் ஆசை அவியள முழுங்கிட்டு."

பேச்சிராஜ் சாக்கின் ஓரத்தை இழுத்துவிட்டான். அம்மா கேட்டது நிஜம்தான். ஆனால் பளபளப்பான பூச்சிலும் பொடி கலக்கலாம். கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அன்றைக்கு இருந்த பொடியெல்லாம் மண்டபத்து வேலையில் தீர்ந்துபோயிருந்தது. புதிது வர இரண்டு நாள் ஆகும். நம்ம வீடுதானே, மூன்று பேர் புழங்குகிற இடம், பிறகு ஒரு கை அடித்துக்கொள்ளலாம் என்று வெறும் பூச்சையே அடித்துவிட்டான். அந்தப் பிறகு எட்டு மாதமாக வரவில்லை.

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவன் வாயைத் திறக்காவிட்டால் பழி அம்மாவின் ஆசையோடு போய்விடும். அவளும் கடைசிவரை அதைச் சுமந்துகொண்டு கிடப்பாள். நினைக்கவே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"ஏலே, நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கக் குடத்தோட எல்லாரும் வாசல்ல நிக்காவ." மாமா குமரகுருபரன் எட்டிப் பார்த்தார். "மவன் நீ இங்கன சாக்கு விரிச்சிக்கிட்டு நிக்கே?"

"இந்தா வாரேன் மாமா."

வாசலுக்குப் போகிறவன் நடுவீட்டில் நின்றுவிட்டான். அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"எம்மா, நீ கேட்டதுனால இல்லம்மா."

கோமு நிமிர்ந்தாள்.

"வழுக்காம இருக்க ஒரு பொடி கலக்கணும். தீந்து போச்சி. நம்ம வீடுதானன்னு விட்டுட்டேன். பளபளப்புக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லம்மா. அப்பாவக் கொன்னது நாந்தான்."

சுற்றியிருந்த பெண்களின் அழுகை சட்டென்று அடங்கியது. அம்மா கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தான். அறைந்தால் தேவலை என்றிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

வாசலிலிருந்து மாமா மறுபடியும் கூப்பிட்டார். அவன் எழுந்து போனான்.

தெருக்குழாயடியில் தலையை நனைத்து, அப்பாவைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்து, சங்குக்காரர் முன்னே ஊதிப்போக, ஈர வேட்டியோடு அவன் திரும்பி வந்தான். வீட்டைச் சுற்றிக்கொண்டு புறவாசலுக்கு வந்தபோது அப்பாவை அங்கே பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள்.

சாக்குகள் பெஞ்சைச் சுற்றித்தான் கிடந்தன. அவன் வருகிற பக்கம் ஒரு முழம் தரை வெறுமையாக விட்டுப்போயிருந்ததை அவன் கவனித்திருக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் அப்பா தோளில் போடும் குற்றாலத்துண்டு நான்காக மடித்து விரித்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அவன் தோளில் குடம் தளும்பியது. அம்மா கையை நீட்டினாள்.

"பிடிச்சிக்கோலே," என்றாள். "பைய வா."